எரிவாயுவின் தரமும் மின்னாக்கி எஞ்சினும்

மாட்டுச் சாணத்திலிருந்து எரிவாயு பெறும் முறையைக் கிராமங்களில் பரப்பும் பணியைக் காதி கிராமத் தொழில் ஆணையம் 1962-ஆம் ஆண்டில் மேற்கொண்டது. அடுப்புக்கும் விளக்குக்கும் பயன்படும் இவ்வாயுவால் எஞ்சினை ஓட்டி மின்சாரமும் பெறலாம். ஆனால், அடுப்பில் பெரிதாகத் தோன்றாத ஒரு குறை எஞ்சினில் விரைவில் வெளிப்படும். வாயுவின் தரம் நிலையாக இராமையே அக்குறையாகும்.

சாண வாயுவில் எரியும் பகுதி பெரும்பாலும் மீதேன்; அது பொதுவாக 50 முதல் 65 சதவீதம் வரை இருக்கும். எஞ்சியதில் பெரும்பகுதி எரியாத கரியமில வாயு. ஒரு கன மீட்டர் மீதேன் சுமார் 8,500 கிலோ கலோரி வெப்பம் தரும். ஆகவே, 60 சதவீத மீதேனுள்ள வாயு 5,100 கிலோ கலோரியும், 50 சதவீதமுள்ளது 4,250 கிலோ கலோரியும் தரும். எஞ்சின் இவ்வெப்பத்தில் கால் பங்கை மின்சாரமாக மாற்றுவதாகக் கொண்டால், முன்னதிலிருந்து சுமார் 1.5 யூனிட்டும் பின்னதிலிருந்து சுமார் 1.2 யூனிட்டும் கிடைக்கும். கன அளவு ஒன்றே, பயனோ ஒன்றன்று.

காற்றின் தேவையும் மாறுகிறது. முதல் வகை வாயு ஒரு பங்கு முற்றும் எரிய ஏறத்தாழ 5.7 பங்கு காற்று வேண்டும், இரண்டாவதற்கு 4.8 பங்கு போதும். முன்னதற்கென அமைத்த எஞ்சினில் பின்னது புகுந்தால் காற்று மிகுந்துவிடும். கரியமில வாயுவும் சுடர் பரவுவதைத் தாமதப்படுத்தும். சுமை கூடும்போது வேகம் தளர்ந்து விளக்குகள் மங்கும்.

டீசலும் வாயுவும் சேர்ந்து ஓடும் எஞ்சினில் இக்குறை மறைந்து நிற்கும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி டீசலைத் தானாகவே கூட்டுவதால் விளக்கு மங்காது. டீசல் செலவே ஏறும். எனவே அச்செலவை நாள்தோறும் குறித்து வருதல் நன்று.

ஹைட்ரஜன் சல்பைடு அளவில் சிறிதாயினும் தீங்கில் பெரிது. அது மசகு எண்ணெயைக் கெடுத்து, செம்புக் கலவைப் பகுதிகளை அரிக்கும். துருவேறிய இரும்புச் சீவல் நிரப்பிய கலத்தின் வழியே வாயுவைச் செலுத்தி இதனைக் குறைக்கலாம்.

தரம் குன்றுவதன் காரணம் பெரும்பாலும் சாணக் கலனிலேயே உள்ளது. அளவுக்கு மீறிச் சாணமும் கழிவும் இட்டாலும், கலன் திடீரெனக் குளிர்ந்தாலும், அமிலம் தேங்கி மீதேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் தளர்கின்றன.

இதற்கான சோதனையை ஆசிரியர்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டலாம். அளவு குறித்த பீச்சுக்குழலில் வாயுவை எடுத்து, காஸ்டிக் சோடாக் கரைசலைச் சிறிது உறிஞ்சிக் குலுக்கினால், கரியமில வாயு கரைசலில் சேர்ந்துவிடும். வாயுவின் அளவில் எத்தனை பங்கு குறைகிறதோ, ஏறத்தாழ அதுவே கரியமில வாயுவின் பங்கு. கரைசல் தோலிலும் கண்ணிலும் படலாகாது. அருகில் தீ இருத்தலும் கூடாது.

எஞ்சின் தளரும்போது அதனைப் பிரித்துப் பார்க்குமுன் வாயுவைச் சோதித்தல் வேண்டும். பழுது எஞ்சினில் அன்றிக் கலனில் இருப்பின், அங்குச் செய்யும் சிறு திருத்தமே வீண் செலவைத் தவிர்க்கும்.