ஐந்து ரூபாய் வைத்தியம்

வடசென்னையில் கொருக்குப்பேட்டை உழைப்பாளர் மிகுந்த பகுதி. மேற்கே வியாசர்பாடி, தெற்கே பழைய வண்ணாரப்பேட்டை. இவ்விரு பகுதிகளிலும் இரு மருத்துவர்கள் ஆற்றிய தொண்டினை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

வியாசர்பாடி டாக்டர் வி. திருவேங்கடம் 1973-இல் தொழிலைத் தொடங்கியபோது பெற்ற கட்டணம் 2 ரூபாய். பின்னர் அது 5 ரூபாயாயிற்று. காமராசரின் கொள்கைகளால் தாம் செலவின்றிப் படிக்க முடிந்ததே இதற்குக் காரணம் என்று அவர் கூறியதுண்டு. பழைய வண்ணாரப்பேட்டை டாக்டர் எஸ். ஜெயச்சந்திரனும் இவ்வாறே 2 ரூபாயில் தொடங்கி 5 ரூபாயில் நின்றவர்.

இக்காலத்தில் ஐந்து ரூபாய் ஒரு குவளைத் தேநீருக்கும் காணாது. எனினும், நாட்கூலி பெறுவோர் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். காய்ச்சலென்று மருத்துவரிடம் சென்றால் அன்றைய கூலி போகும். கட்டணமும் சேர்ந்தால் வீட்டில் உலை ஏறாது. ஆகவே, தானாகத் தீருமென்று நோயை முற்ற விடுவர். வெறும் சளியென எண்ணிய இருமல் காசநோயாகவும் இருக்கலாம். கட்டணம் சிறிதாயின் முதல் நாளிலேயே வருவர். முற்றிலும் இலவசமென்றால் மானமுள்ளோர் சிலர் கூசுவர். ஐந்து ரூபாய் அக்கூச்சத்தையும் போக்கியிருக்கும் என்பது எமது கருத்து.

உத்தியோகத்தில் இருப்போர் ஓய்வு பெறும் வயதைக் கடந்த பின்னும் இருவரும் நோயாளிகளைப் பார்த்து வந்தனர். ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரிலும், திருவேங்கடம் 2020 ஆகஸ்டிலும் காலமாயினர்.