ஐயாயிரம் ரூபாய் ஓட்டு!

கூடுவாஞ்சேரியில் பீச் லோக்கல் ஏறினால், தாம்பரம் வருவதற்குள் இரண்டு விஷயங்கள் கட்டாயம் அலசப்படும். ஒன்று கிரிக்கெட். இன்னொன்று, கிரவுண்டு என்ன விலை? 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததிலிருந்து கிரிக்கெட் கொஞ்சம் பின்தங்கிவிட்டது.

எதிர் சீட் பெரியவர் ரிட்டயர்டு ஆடிட் ஆசாமி. போன வாரம் திடீரென்று கேட்டார்.

"பஸ் ஸ்டாண்டு கட்டினது ஜனங்க பணம். மனை விலை ஏறின லாபம் மட்டும் மனைக்காரனுக்கா? ஊருக்குப் பங்கு வேணாமா தம்பி?"

பி.காம். படித்த தோஷம், இந்த மாதிரிக் கேள்வி வந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

அமெரிக்காவில், கலிபோர்னியாவில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பாழடைந்த பேட்டையைக் கடன் வாங்கிச் சீர்படுத்துவது. சீர்பட்டால் சொத்து மதிப்பு ஏறும், வரியும் ஏறும். அந்த ஏறிய பகுதியை மட்டும் எடுத்துக் கடனை அடைப்பது. 1952-ல் ஜனங்களே ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்ட ஏற்பாடு. ஆனால் கஜானா வற்றும்போதெல்லாம் மாநில சர்க்கார் இந்த உண்டியலைக் குலுக்கிப் பார்த்தது. 'கை வைக்காதே' என்று 2010 நவம்பரில் 22-ம் எண் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. 60 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தது.

சர்க்கார் சும்மா இருக்குமா? 2011-ல் இரண்டு சட்டம். ஒன்று: சீரமைப்பு அமைப்புகளே கலைக்கப்படும். இரண்டு: கப்பம் கட்டுகிறவர்கள் பிழைத்துப் போகலாம். டிசம்பரில் மாநில சுப்ரீம் கோர்ட், கலைப்பது செல்லும் என்றது. கப்பம் 22-ம் தீர்மானத்துக்கு விரோதம், செல்லாது என்றது. காப்பாற்றப் போட்ட ஓட்டே பிழைக்கிற வழியை அடைத்துவிட்டது! 2012 பிப்ரவரி 1-ல் சுமார் 400 அமைப்புகளும் குளோஸ்.

"அவங்களுக்காவது ஓட்டு இருந்துது" என்றார் பெரியவர்.

வாஸ்தவம். 2022-ல் தமிழ்நாடு முழுக்க சொத்து வரி திருத்தப்பட்டபோது, நகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், அதைத் தாண்டி 1,200 வரை 50 சதவீதம் ஏறியது. ஓட்டுக்கு விட்டிருந்தால் ஒருத்தரும் கை தூக்கியிருக்க மாட்டோம் என்றேன்.

"தப்பு. பரங்கிமலை வந்துடுச்சு, வெளியே பாரும். அதான் ஆலந்தூர்."

தொண்ணூறுகளின் கடைசி. ஆலந்தூர் அப்போது தனி நகராட்சி, ஆர்.எஸ்.பாரதி தலைவர். பாதாளச் சாக்கடைக்கு சுமார் 34 கோடி வேண்டும். நகராட்சி வருமானத்தில் நடக்கிற காரியமா? குடியிருப்போர் சங்கங்களோடு உட்கார்ந்து பேசினார்கள். வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட், கடைக்கு 10,000. குழாய் பதித்த பிறகு அல்ல ஸார், குழி வெட்டுவதற்கு முன்னாலேயே! வீடுகளுக்கு மாதக் கட்டணம் 150 ரூபாய்க்குள் என்றும் முன்கூட்டியே பேசி முடித்தார்கள். தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் கடன் கொடுத்தது.

அன்றைக்கு 5,000 என்பது நம்மைப் போன்ற குமாஸ்தாவுக்கு முழு மாதச் சம்பளம். ஆயிரக்கணக்கான பேர் கட்டினார்கள். வாக்குச்சாவடி இல்லை, மை இல்லை. ஆனாலும் அதைவிடக் காஸ்ட்லியான ஓட்டு எங்கே இருக்கிறது? பணம் கட்டியவன் சும்மா இருப்பானா? எந்தத் தெருவில் பள்ளம், எப்போது மூடுவீர்கள் என்று கேட்பான். 2003-ல் சாக்கடை ஓட ஆரம்பித்தது. என் கணக்கில் இது கலிபோர்னியாவை விட உசத்தி: அங்கே வரப்போகிற வரியைக் காட்டிக் கடன், இங்கே கையிலிருந்த காசு.

"2022 நவம்பர்லேருந்து நகராட்சிக்கெல்லாம் ஏரியா சபா வந்தாச்சு. அடுத்த கூட்டத்துல நம்ம தெருவுக்கும் இப்படி ஒண்ணு கேக்கப் போறேன். நீர் வந்து கை தூக்கணும்."

"பேஷா வர்றேன் ஸார்."

"சும்மா கை தூக்கினா போதாது. முன்பணம் கேட்டா குடுப்பீரா?"

அன்றைய ஐயாயிரத்துக்கு இன்றைய மதிப்பு என்ன என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். வண்டி கிண்டிக்குள் நுழைந்தது. நான் போகவேண்டியது எழும்பூர். இருந்தாலும் கிண்டியிலேயே இறங்கிவிட்டேன்.