இரவில் எழும்பும் ஆண்களும் சீனி வியாதியும்

ஐம்பது வயதைக் கடந்த ஆண்கள் இரவில் இரண்டு மூன்று தடவை சலம் கழிக்க எழும்புவதை எமது குடும்பங்களில் எவரும் நோயாக எண்ணுவதில்லை. "வயது போனால் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். வயதும் ஒரு காரணம்தான். ஆனால் அந்த மனிதருக்கு நீரிழிவும் இருந்தால், அல்லது அது இருப்பதே தெரியாமல் இருந்தால், வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருப்பது ஆபத்தானது.

புரொஸ்டேட் சுரப்பி ஆண்களுக்கு மட்டும் உள்ளது. சலப்பைக்குக் கீழே, சலம் வெளியேறும் குழாயைச் சுற்றி மோதிரம் போல் அமைந்திருக்கிறது. இளமையில் அது ஒரு பாக்களவு, ஏறக்குறைய 20 கிராம். நாற்பது வயதுக்குப் பின் பலருக்கு மெல்ல மெல்லப் பெருக்கிறது. இது புற்றுநோய் அன்று. வயல் செய்தவர்களுக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது. மடைவாயில் மண் சேர்ந்தால் தண்ணீர் மெல்லத்தான் போகும், பின்னால் தேங்கி நிற்கும். அதுபோலவே சலம் தொடங்கத் தாமதமாகும், ஓட்டம் மெலியும், முடிந்தபின்னும் சொட்டும், இன்னும் இருக்கிறது என்ற உணர்வு போகாது.

இந்த மடைக்கு மேலே நீரிழிவு வந்து சேரும்போது என்ன நடக்கிறது? இரத்தத்தில் சீனி ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகம் அதைச் சலத்தில் விட்டுவிடுகிறது. சீனி தன்னோடு தண்ணீரையும் இழுத்துச் செல்லும். சலத்தில் எறும்பு மொய்க்கிறது என்று எமது முன்னோர் கண்டது இதைத்தான். ஒடுங்கிய மடைக்கு இரண்டு மடங்கு தண்ணீர் வந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தேங்கி நிற்கும் சலத்தில் சீனியும் இருந்தால் கிருமி வளரவும் இடமுண்டு. எரிவு, காய்ச்சல், கலங்கிய சலம் என்பன அப்படி வருகின்றன.

இவற்றைவிட நாம் அதிகம் அஞ்சுவது வேறொன்றை. பல வருடங்கள் கட்டுப்பாடின்றி இருக்கும் சீனி, கால்விரல்களை மரக்கச் செய்வதுபோலவே சலப்பையின் நரம்புகளையும் மரக்கச் செய்கிறது. சாதாரணமாக 400 முதல் 500 மில்லிலீற்றர் நிறைந்ததும் எமக்கு நன்றாகவே முட்டும். நரம்பு மரத்தவருக்கு அதற்கு மேல் நிறைந்தாலும் முட்டுவதில்லை. சலப்பையின் தசையும் தளர்ந்து, முழுவதையும் வெளியே தள்ளும் வலுவை இழக்கிறது. "முன்பு அடிக்கடி போனேன், இப்போது தொல்லை குறைந்துவிட்டது" என்று அவர் மகிழ்ந்துகொண்டிருக்கும்போது உள்ளே சலம் தேங்கி, மேலே சிறுநீரகத்தை அழுத்திக்கொண்டிருக்கலாம்.

2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு ஜேர்மன் ஆய்வு, புரொஸ்டேட் பெருத்த ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்களைப் பார்த்தது. நீரிழிவும் உள்ளவர்களுக்குத் தொல்லைகள் சற்று அதிகமாகவும் சலத்தின் ஓட்டம் மெலிந்தும் காணப்பட்டன. ஆயினும் புரொஸ்டேட்டுக்கான குளிசை இரு சாராருக்கும் உதவியது. ஆகவே "சீனி இருக்கிறது, இனி மருந்து எடுத்துப் பயனில்லை" என்று சோர்ந்துபோகத் தேவையில்லை. எமது நாட்டில் 2018-2019இல் நடந்த ஆய்வின்படி வளர்ந்தோரில் நூற்றுக்கு 23 பேருக்கு நீரிழிவு உண்டு. ஆகையால் இவ்விரு நோயும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது அரிதான செய்தியல்ல.

எந்த நோய் எவ்வளவு தொல்லை தருகிறது என்பதைக் கண்டுகொள்ள வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. பழைய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை வெட்டி, அளவுக் கோடுகள் போட்டு, மூன்று நாட்களுக்கு ஒவ்வொரு தடவையும் கழிக்கும் சலத்தின் அளவையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளை எழுதட்டும். ஒவ்வொரு தடவையும் நிறையப் போய், ஒரு நாளில் மூன்று லீற்றருக்கு மேல் சேர்ந்தால் சீனியைச் சந்தேகிக்க வேண்டும். அடிக்கடி சென்றும் கொஞ்சம் கொஞ்சமாகவே, முக்கி முக்கிப் போனால் புரொஸ்டேட்டின் பங்கு பெரிது. நாளில் ஓரிரு தடவை மட்டும் போய், முட்டும் உணர்வும் குறைந்து, தெரியாமல் உடுப்பு நனைந்தால் மரத்துப்போன சலப்பையை நினையுங்கள். இது தீர்ப்பல்ல. வைத்தியருக்கு நீங்கள் கொண்டுபோகும் சாட்சி.

அந்தக் கொப்பியோடு தெல்தெனிய ஆதார வைத்தியசாலைக்கோ கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ செல்லும்போது, வெறும் வயிற்றில் இரத்தச் சீனி, சலம், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ஆகிய பரிசோதனைகளைக் கேளுங்கள். வெறும் வயிற்றில் சீனி 126க்கு மேல் இருந்தால், மீண்டும் பார்த்து நீரிழிவு என உறுதி செய்வார்கள். சலம் கழித்தபின் உள்ளே எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை ஸ்கான் காட்டும். சத்திரசிகிச்சை செய்வதற்கு முன் இது மிகவும் முக்கியம். மடையைத் திறந்துவிட்டாலும், தள்ளும் தசை தளர்ந்திருந்தால் எதிர்பார்த்த பலன் கிடைக்காமல் போகலாம்.

எடுக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் வைத்தியரிடம் காட்டுங்கள். தடிமனுக்குக் கடையில் வாங்கும் சில குளிசைகள் சலத்தை முற்றாக அடைத்துவிடும். நீரிழிவுக்கான சில புதிய குளிசைகள் சீனியைச் சலத்தின் வழியே வெளியேற்றியே வேலை செய்கின்றன. அவற்றால் சலம் கூடும், ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம். புரொஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டம்சுலோசின் சிலருக்கு எழும்பும்போது தலைசுற்றல் தரும். மலசலகூடம் வீட்டுக்கு வெளியே, படிக்கட்டின் கீழே இருக்கும் குடியிருப்புகளில் இதை இலேசாக எண்ணக் கூடாது. படுக்கைக்கு அருகே ஒரு பாத்திரம் வைத்துக்கொள்வதில் வெட்கம் என்ன?

இடம்பெயர்ந்த குடும்பங்களில் இன்னொரு பழக்கத்தையும் காண்கிறோம். மலசலகூடம் பலருக்குப் பொதுவாக இருந்தால், ஆண்கள் பகலில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். மாலைத் தேநீரைக் குறையுங்கள், பகல் தண்ணீரைக் குறைக்காதீர்கள். விக்டோரியா நீர்த்தேக்கம் நிறைந்தபோது பழைய தெல்தெனியாவிலிருந்து எழும்பியவர்களில் பலர் மகாவலி சீ வலயத்துக்குப் போனார்கள். அவ்வலயத்தின் கிராந்துருகோட்டைப் பகுதியில் விவசாயிகளைத் தாக்கும் சிறுநீரக நோய்க்கு இன்றுவரை முழுக்காரணம் தெரியவில்லை. நாம் இங்கே சொல்லும் சிறுநீரகக் கேட்டுக்கோ காரணமும் தெரியும், தடுக்கும் வழியும் தெரியும். அங்கே உறவினர் இருந்தால் அவர்களுக்கும் சொல்லி அனுப்புங்கள்.

அடிவயிறு உப்பி, முட்டியும் ஒரு துளி சலம் கூடப் போகாவிட்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். வெந்நீர் ஒத்தடமும் கைமருந்தும் வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி இலவசமாக வரும். வைத்தியசாலையில் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்திச் சலத்தை வெளியேற்றுவார்கள். கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.