மார்க்கு மட்டும் போதுமா?

பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளியானதும் நம் வீடுகளில் மார்க்கைத் தவிர வேறு பேச்சே கிடையாது. கணிதத்தில் எவ்வளவு, பௌதிகத்தில் எவ்வளவு, 'கட்-ஆஃப்' எவ்வளவு என்றே எல்லோரும் கேட்கிறோம். இஞ்சினீயரிங் கலாசாலையின் வாசலைத் திறப்பதற்கு அந்த எண் போதும். உள்ளே சென்ற பிள்ளை நிலைத்து நின்று தேறுவதற்கும் அதுவே போதுமா?

அமெரிக்காவில், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா ஸர்வகலாசாலையில் 1970-களில் இந்த விஷயம் ஆராயப்பட்டது. விஞ்ஞானமும் இஞ்சினீயரிங்கும் பயில வருவோர் முதலில் தாண்ட வேண்டிய பாடம் கால்குலஸ் என்னும் நுண்கணிதம். அதில் கறுப்பின மாணவர் பலர் தவறினர். சீன வம்சத்தினர் நன்கு தேறினர். யூரி டிரைஸ்மன் என்ற இளம் கணித அறிஞர் இதற்குக் காரணம் என்னவென்று ஆசிரியர்களை வினவினார். ஊக்கக் குறைவு, வறுமை, பெற்றோரின் அசிரத்தை என்று பலவாறு கூறினார்கள். டிரைஸ்மன் மாணவர்களுடனேயே இருந்து அவர்கள் படிக்கும் விதத்தைக் கவனித்தார். ஆசிரியர்கள் கூறிய காரணம் ஒன்றுகூட நிலைக்கவில்லை. கறுப்பின மாணவர்கள் சிரத்தையுடன்தான் படித்தார்கள். ஆனால் தன்னந்தனியாகப் படித்தார்கள். சீன மாணவர்களோ மாலையில் ஒன்றுகூடி, விடைகளை ஒப்பிட்டு, ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினார்கள். பிறகு டிரைஸ்மன் கடினமான கணக்குகளைக் கூடிச் செய்யும் குழுக்களை அமைத்தார். அவற்றில் சேர்ந்த கறுப்பின மாணவர்கள் சிறப்பாகத் தேறினார்கள்.

கனடாவின் வாட்டர்லூ ஸர்வகலாசாலையில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2015-இல் வெளியாயிற்று. 'இந்த இடம் நமக்கு உரியதுதானா?' என்ற ஐயம் புதிதாக வந்த எவருக்கும் தோன்றும், நாளடைவில் அகலும் என்பதை, மூத்த மாணவர்களின் அனுபவங்களைக் கொண்டு முதலாண்டு இஞ்சினீயரிங் மாணவர்களுக்கு உணர்த்தினார்கள். பெண்கள் மிகச் சிலராயிருந்த பிரிவுகளில் அப்பெண்களின் மார்க்கு உயர்ந்தது.

நம் கிண்டி இஞ்சினீயரிங் கலாசாலையின் சரித்திரத்திலும் இதற்குச் சான்று உண்டு. 18 வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையுடன் நின்ற ஸ்ரீமதி ஏ. லலிதா, 1940-களின் தொடக்கத்தில் அங்கே சேர்ந்தார். அத்தனை ஆண்களிடையே ஒரே பெண். பின்னர் மேலும் இரு பெண்கள் சேர்ந்து அவருக்குத் துணையாயினர். மூவரும் பட்டம் பெற்றார்கள். லலிதா பிற்காலத்தில் பக்ரா நங்கல் அணைத் திட்டத்திற்கான மின்சார வேலைகளிலும் பங்கு கொண்டார்.

2021 முதல் தமிழ்நாட்டில் அரசினர் பள்ளி மாணவர்களுக்கு இஞ்சினீயரிங் படிப்பில் 7.5 சதவிகித இடம் ஒதுக்கப்படுகிறது. தமிழில் படித்துத் தேறிய கிராமத்துப் பிள்ளை, ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் கடைசி பெஞ்சில் வாய் திறவாமல் அமர்ந்திருப்பதை எண்ணிப் பாருங்கள். அவனுக்கு அறிவில் குறைவில்லை. கேள்வி கேட்டால் பிறர் நகைப்பார்களோ என்ற கூச்சம் நாவைக் கட்டுகிறது. முதல் பருவத்தில் இரண்டு பாடங்களில் தவறிவிட்டால், 'நமக்கு இது வராது' என்று தானே தீர்ப்பெழுதிக்கொள்கிறான். 'விடாமுயற்சி வேண்டும், தம்பி' என்று அவனுக்கு உபதேசிப்பது எளிது. தனித்து விடப்பட்டவனிடம் உபதேசம் என்ன செய்யும்?

தன்னம்பிக்கையும் கேட்கும் தைரியமும் பெரும்பாலும் பிறர் தரும் துணையால் வளர்பவை. மூத்த மாணவர்கள் முதலாண்டினரைச் சேர்த்துக்கொண்டு படிக்கட்டும். ஆசிரியர்கள் முதல் மாதத்திலேயே வாயடைத்திருப்பவனை இனங்காணட்டும். பெற்றோர்களும் விடுதியிலுள்ள பிள்ளையிடம் மார்க்கை விசாரிப்பதற்கு முன், 'யாரோடு சேர்ந்து படிக்கிறாய்? சந்தேகம் வந்தால் யாரைக் கேட்கிறாய்?' என்று விசாரிப்பார்களாக. 'ஒருவருமில்லை' என்று பதில் வந்தால், பரீட்சை வரும் வரையில் காத்திருக்க வேண்டாம்.