பூட்டாத கணினியும் உங்கள் பெயரும்

2025 ஜூலையில் காயின்டிசிஎக்ஸ் கிரிப்டோ நிறுவனத்திலிருந்து சுமார் 4.4 கோடி டாலர் திருடுபோனது. பெங்களூரு போலீஸ் முதலில் கைது செய்தது அந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவரைத்தான். அவருடைய அலுவலக லேப்டாப்பின் லாகின் வழியாகத் திருடர்கள் நுழைந்தார்கள் என்பது புகார். அங்கே வழி திறந்தது மால்வேர்; பூட்டாத திரை அல்ல. ஆனாலும் யாருடைய லாகினில் காரியம் நடந்ததோ, விசாரணை முதலில் அவர் வாசலுக்குத்தான் வரும்.

டெஸ்க்டாப் அடிக்கடி பாஸ்வேர்டு கேட்பதை நிறுத்துவது எளிது. விண்டோஸ் செட்டிங்ஸில், இடைவேளைக்குப் பின் மீண்டும் சைன்-இன் கேட்க வேண்டுமா என்ற இடத்தில் ‘வேண்டாம்’ என்று மாற்றினால் போதும். தனி வீட்டில், தனி ஆளுக்கு அது பெரிய ஆபத்தில்லை. ஆனால் பெங்களூரின் கோரமங்களாவில் நான்கு பேர் பங்கிடும் வாடகை வீட்டிலும், ஒயிட்ஃபீல்டில் பலர் நடமாடும் அலுவலகத்திலும் கதை வேறு. ஜிமெயிலும் வாட்ஸ்அப் வெப்பும் திறந்தே கிடக்கின்றன. பல தளங்களில் பாஸ்வேர்டைப் பிரவுசரே நிரப்பிக் கொடுக்கிறது. டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் முன் வந்து உட்காருபவரை அது தடுக்காது.

பூட்டவில்லை என்பதற்காக உரிமை போய்விடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு, பாஸ்வேர்டு இருந்ததா என்று கேட்பதில்லை. உரிமையாளரின் அனுமதி இருந்ததா என்றுதான் கேட்கிறது. அனுமதியின்றி நுழைந்தவரிடம் நஷ்டஈடு கோரலாம். மோசடி நோக்கத்தோடு செய்திருந்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிறர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது 66சி-இன் கீழ் தனிக் குற்றம்.

சிக்கல் நிரூபிப்பதில் இருக்கிறது. பூட்டில்லாத கணினியில் இன்னொருவர் உட்கார்ந்தால் புதிய லாகின் பதிவு எதுவும் உருவாகாது. அனுப்பிய மெயிலும் அழித்த ஃபைலும் உங்கள் பெயரிலேயே நிற்கும். வங்கிப் பணம் போனாலோ இன்னும் கடினம்: ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரையே சேரும்.

அதனால் சந்தேகம் வந்ததும் வேகம் முக்கியம். பணம் போயிருந்தால் வங்கிக்கும் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள். மற்றவற்றுக்குத் தேசிய சைபர் கிரைம் போர்ட்டலோ, பகுதியின் சைபர் கிரைம் காவல் நிலையமோ இருக்கிறது. வேறு ஒரு கணினியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக்-அவுட் செய்யுங்கள். பதற்றத்தில் கணினியை ஃபார்மட் செய்துவிட வேண்டாம். மிச்சமிருக்கும் தடயமும் அழிந்துவிடும். நஷ்டஈடு 5 கோடி ரூபாய் வரை என்றால் மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரிடம் மனுச் செய்யலாம். அவரே தீர்ப்பு அதிகாரி.

நீண்ட பாஸ்வேர்டு தொல்லையாக இருந்தால் பின் எண்ணோ விரல்ரேகையோ வையுங்கள். கூட இருப்பவர்களுக்குத் தனி யூசர் கணக்கு தொடங்கிக் கொடுங்கள். நாற்காலியிலிருந்து எழும்போது விண்டோஸ் பொத்தானோடு ‘எல்’ எழுத்தைச் சேர்த்து அழுத்துங்கள். திரை உடனே பூட்டிக்கொள்ளும்.