அம்மாவுக்கு 11 மணி நேரம், பால்வாடிக்கு 6 மணி நேரம்! மிச்ச நேரம் பிள்ளை யார் கையில்?

குளத்தூர்:–

பிள்ளை பெற்ற தாய் மறுபடியும் வேலைக்குப் போக வேண்டும் என்றால் முதலில் என்ன வேண்டும்?

சம்பளம் பேசுவதா? பஸ் நேரம் பார்ப்பதா? இரண்டும் அப்புறம். பிள்ளையை வைத்துக் கொள்ள ஒரு ஆள் வேண்டும்!

"வீட்டில் ஆச்சி இருக்காளா?" கரிசல் காட்டில் எந்த ஊரில் கேட்டாலும் முதல் கேள்வி இதுதான். ஆச்சி இருந்தால் வேலை உண்டு. ஆச்சிக்கு முழங்கால் வலி வந்து விட்டால் வேலை இல்லை.

விளாத்திகுளம் தாலுகா குளத்தூர் வட்டாரம் மழையை நம்பிய மானாவாரி பூமி. உளுந்து, பாசி, கம்பு, மிளகாய், மல்லி எல்லாம் சில மாதப் பிழைப்பு. மற்ற மாதங்களில் பெண்கள் வெளியே போய்த்தான் சம்பாதிக்க வேண்டும். கடற்கரைப் பக்கம் உப்பளம். மேற்கே எட்டயபுரம், கோவில்பட்டி பக்கம் தீப்பெட்டி ஆபீஸ். தெற்கே தூத்துக்குடியில் ஜவுளிக் கடை, மருந்துக் கடை, கம்பெனி.

உப்பளத்துக்கு விடியுமுன்பே கிளம்ப வேண்டும், வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது. தீப்பெட்டி ஆபீசுக்கு வேன். தூத்துக்குடிக்குப் பஸ். மூன்றிலும் ஒரு விஷயம் பொது. கிளம்பும் நேரத்தைத் தாய் முடிவு செய்வதில்லை. வேன்காரரும் டிரைவரும் முடிவு செய்கிறார்கள்.

கூட்டிப் பாருங்கள்!

தூத்துக்குடிக்கு வேலைக்குப் போகும் ஒரு தாய் என்று வைத்துக் கொள்வோம். வண்டி ஓட்டத் தெரியாது. வீட்டில் ஒரு பைக் இருந்தாலும் அது புருஷனோடு போய் விடுகிறது. புருஷன் திருப்பூரிலோ, வெளிநாட்டிலோ இருந்தால் பைக் திண்ணையில் சாக்குப் போர்த்தி நிற்கிறது.

வேலை 8 மணி நேரம். சாப்பாட்டு இடைவேளை அரை மணி. பஸ்ஸில் போக ஒரு மணி, வர ஒரு மணி. நிறுத்தத்தில் காத்துக் கிடப்பது இரண்டு வேளைக்கும் சேர்த்து அரை மணி. ஆக மொத்தம் 11 மணி நேரம்.

பால்வாடி (இப்போது அங்கன்வாடி என்கிறார்கள்) காலை 10 மணி வாக்கில் களை கட்டும். மாலை 4 மணிக்குள் கதவைச் சாத்தி விடுவார்கள். அது 6 மணி நேரம்.

மிச்சம் 5 மணி நேரம்! அந்த ஐந்து மணி நேரத்துக்குத்தான் ஆச்சி, பக்கத்து வீட்டு மதினி, இல்லாவிட்டால் மூத்த பெண் பிள்ளை.

அதுவும் பிள்ளைக்கு இரண்டு வயது ஆன பிறகு. தமிழ்நாட்டில் பால்வாடியில் பகலெல்லாம் உட்கார வைத்துச் சோறு போடுவது இரண்டு வயது நிறைந்த பிள்ளைகளுக்குத்தான். அதற்குக் கீழே உள்ள கைக்குழந்தைக்குச் சத்துமாவு கொடுத்து அனுப்புவார்கள். மாவைக் கிண்டிக் கொடுக்க வீட்டில் ஆள் வேண்டுமே!

2017ஆம் ஆண்டு சட்டத் திருத்தம் முதல் இரண்டு பிள்ளைகளுக்குப் பிரசவ லீவு 26 வாரம் என்றது. ஆறு மாதம். தமிழக அரசு வேலையில் இருக்கும் பெண்களுக்கு 2021 ஜூலை முதல் தேதியிலிருந்து ஒரு வருஷம். ஆக, கம்பெனிப் பெண்ணுக்கு லீவு முடிவது ஆறாம் மாதத்தில். பால்வாடி தொடங்குவது இரண்டாம் வயதில். நடுவில் ஒன்றரை வருஷம் அதல பாதாளம்! கவர்மெண்டு கிளார்க்கு அம்மாவுக்கே ஒரு வருஷம் இடிக்கிறது. லீவே இல்லாத உப்பளத்துப் பெண்ணைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே பிள்ளைக் காப்பகம் வைக்கச் சொன்னது. 50 பெண்களுக்கு மேல் வேலை பார்த்தால் என்று இருந்ததை 1976இல் 30 ஆகக் குறைத்தார்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும். ஆனால் 30 பெண்கள் இல்லாத சின்னப் பட்டறைகளை அது தொடவே இல்லை.

2017 திருத்தம் 50 பேர் வேலை செய்தாலே காப்பகம் வேண்டும் என்றது. தாய் நாளைக்கு நாலு தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றது. 2025 நவம்பர் 21ஆம் தேதி நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 50 பேர், அதே நாலு தடவை. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளையும் உண்டு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிள்ளை குளத்தூரில், தாய் தூத்துக்குடியில் என்றால்? பால் கொடுக்கக் கிடைக்கும் இடைவேளையில் அவள் பஸ் ஸ்டாண்டுக்குக்கூட வந்து சேர முடியாது.

"பிள்ளையைக் கம்பெனிக்கே தூக்கிக்கொண்டு போவதுதானே?" என்று கேட்கலாம். காலை பஸ்ஸில் ஏறிப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் தூக்குவாளி, தோளில் பை. கம்பியைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? நல்ல மனசுக்காரர் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் உண்டு.

2021 மே 8ஆம் தேதி முதல் சாதாரண டவுண் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனது. 2022இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் டிக்கெட் இல்லை என்றார்கள். பெரிய உதவிதான். ஆனால் வெளியூர் வண்டிகளில் பெண்களுக்குக் காசு உண்டு. ஓசி பஸ்ஸுக்குக் காத்திருந்தால் காசு மிச்சம், நேரம் போச்சு!

சட்டத்தை எழுதியவர்கள் கம்பெனி வாசலை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். குளத்தூர்த் தாய்க்குக் காப்பகம் தேவைப்படுவது கம்பெனி வாசலில் இல்லை, ஊருக்குள்!

கால் விரலில் தொட்டில் கயிறு

முன்பு இந்தப் பக்கம் இதற்கு ஒரு வழி இருந்தது. தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டும் வேலையை வீட்டுக்கே கொடுத்தார்கள். தாய் உட்கார்ந்து பசை தடவுவாள். உத்தரத்தில் சேலைத் தொட்டில் ஆடும். தொட்டில் கயிறு அவள் கால் கட்டை விரலில்! கூலி சொற்பம். கூடவே பெரிய பிள்ளைகளும் படிப்பை விட்டு விட்டுப் பெட்டி ஒட்டின என்ற கறுப்புப் பக்கமும் அதில் உண்டு. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. பிறகு மிஷின் வந்தது. பெட்டியை மிஷின் மடிக்கிறது, குச்சியை மிஷின் அடுக்குகிறது. வேலை வீட்டை விட்டு ஆபீசுக்குப் போய் விட்டது. தொட்டில் மட்டும் வீட்டிலேயே தங்கி விட்டது.

பெட்டி ஒட்டிய பிள்ளை இப்போது ஒட்டுவதில்லை, வாஸ்தவம். அதற்குப் பதிலாகத் தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக் கொண்டு வாசலில் நிற்கிறாளே, அவளை எந்தச் சட்டத்தில் சேர்ப்பது? அதைக் கூலி வேலை என்று யாரும் எழுதுவதில்லை. பள்ளிக்கூட ஆஜர் பட்டியலில் மட்டும் லீவு விழுகிறது.

போலீஸ் நிலையச் செய்தி எடுக்கப் போகிறவனுக்கு இன்னொன்றும் தெரியும். "தண்ணீர்த் தொட்டியில் விழுந்து குழந்தை பலி" என்று மூலையில் நாலு வரி அடிக்கடி போடுகிறோம். பெரியவர்கள் கை வேலையாக இருந்த நேரம் என்றுதான் பெரும்பாலும் அந்த நாலு வரியும் முடியும். வங்காள தேசத்தில் இதற்காகவே கிராமத்துக்குள் பகல் காப்பகங்கள் வைத்தார்கள். காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை, அந்த ஊர்ப் பெண் ஒருத்தியின் பொறுப்பில். நீரில் மூழ்கிச் சாகும் பிள்ளைகளின் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் இந்த வழியைச் சிபாரிசு செய்கிறது.

ஸ்கூட்டரும் சைக்கிளும்

"வண்டி ஓட்டக் கற்றுக் கொள்ளலாமே" என்பார்கள். நியாயம்தான். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். பிள்ளையை முன்னால் உட்கார வைத்துக் கொண்டு தண்ணீர்க் குடத்தோடு போனார்கள். 2018 பிப்ரவரியில் வேலை பார்க்கும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க அரசு பாதிப் பணம், அதிகபட்சம் 25 ஆயிரம் ரூபாய் கொடுத்தது. அந்தத் திட்டம் பிறகு நின்று விட்டது.

ஆனால் ஒன்று. ஸ்கூட்டர் இருந்தாலும் பால்வாடி 10 மணிக்குத்தான் திறக்கும்! தூத்துக்குடி பக்கம் சில்லாநத்தத்தில் 2025 ஆகஸ்டு 4ஆம் தேதி வியட்நாம் கம்பெனியின் கார் தொழிற்சாலையே வந்து விட்டது. அங்கே காரைப் பூட்டும் வேலைக்குப் போகிற பெண்ணும் பஸ்ஸுக்குத்தான் நிற்க வேண்டும்.

வழி உண்டா?

உண்டு. 2022இல் தொடங்கிய மத்திய அரசின் 'பால்னா' திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் நடத்தலாம். ஆறு மாதக் குழந்தை முதல் ஆறு வயது வரை சேர்க்கலாம். மாதம் 26 நாள், நாளைக்கு ஏழரை மணி நேரம். அந்த ஒன்றரை வருஷப் பள்ளத்தை இது ஒன்றுதான் மூடுகிறது. ஆனாலும் தாயின் 11 மணி நேரத்தில் ஏழரை போக மூன்றரை மணி நேரம் இன்னும் துண்டு விழுகிறது. நேரத்தைப் பஸ்ஸோடு ஒட்டி வைத்தால்தான் பிரயோஜனம்.

நேரத்தை முன்னால் இழுக்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25ஆம் தேதி அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிந்தது. ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் மணி அடிப்பதற்கு வெகு முன்பே பள்ளிக்கூடத்துக்குள் போய் விடுகிறார்கள். அந்தத் தாய்மாருக்குக் காலை அவசரம் கொஞ்சம் தணிந்தது. காமராஜர் 1956இல் பள்ளிக்கூட மதிய உணவைத் தொடங்கி வைத்த எட்டயபுரம் இங்கிருந்து பஸ் தூரம்தான். சோற்றுக்கு வழிகாட்டிய பூமி இது. நேரத்துக்கும் காட்டலாம்.

ஊர்ப் பெண் ஒருத்திக்கே கூலி கொடுத்து வைப்பதும் புதிசு இல்லை. 2005ஆம் ஆண்டு நூறு நாள் வேலைச் சட்டத்தில் அது எழுதியே இருந்தது. வேலை நடக்கும் இடத்துக்கு ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட சிறு பிள்ளைகள் வந்தால் ஒரு பெண்ணைப் பிள்ளை பார்க்க நிறுத்த வேண்டும், அவளுக்கும் கூலி உண்டு என்று. காகிதத்தில் இருந்ததை மரத்தடியில் பார்ப்பதுதான் அபூர்வம். புதிய சட்டத் தொகுப்பும் பல கம்பெனிகள் சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தலாம் என்கிறது. நாலு தீப்பெட்டி ஆபீசும் இரண்டு கடை முதலாளிகளும் சேர்ந்து, வேன் நிற்கும் ஊரிலேயே ஒரு அறை பிடித்தால் என்ன? வேன் அனுப்பி ஆள் பிடிக்கிற செலவோடு இதுவும் ஒரு செலவு.

அது வரும் வரை தாய்மார்கள் தாங்களே ஏற்பாடு செய்து கொள்கிறார்கள். அடுத்த தெரு மதினிக்கு மாதம் ஒரு தொகை. இதில் வாய்ப் பேச்சாக விடாமல் நேரத்தை முதலிலேயே பேசி விடுவது உத்தமம். பஸ் பழுதாகி இரவு எட்டு மணி ஆனால் பிள்ளை எங்கே இருக்கும்? காய்ச்சல் அடித்தால் ஆஸ்பத்திரிக்கு யார் தூக்கிப் போவது? மதினி ஊருக்குப் போனால் அடுத்த ஆள் யார்? வேலைக்குச் சேரும் முன்பே ஒரு வாரம் பிள்ளையை அரை நாள் விட்டுப் பழக்கிப் பார்க்கலாம். முதல் நாளே 11 மணி நேரம் விட்டால் பிள்ளையும் தாங்காது, மதினியும் தாங்க மாட்டாள்.

காப்பகம் கேட்க விரும்புகிறவர்கள் கிராம சபையில் தீர்மானம் போடலாம். ஒன்றியத்தில் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் இருக்கிறார். தூத்துக்குடி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை தோறும் மனு வாங்குகிறார்கள்.

திங்கட்கிழமை வேலை நாள். ஒரு நாள் கூலி போகும். பிள்ளையையும் தூக்கிக் கொண்டுதான் போக வேண்டும்.