பூச்சி மருந்தும் தடுப்பூசியும்

“ஊசி போட்டும் செத்துப்போச்சே! நீ காலேஜில் படிக்கிற புள்ளதானே, ஏன்னு சொல்லு” என்று சென்ற கோடையில் என் அத்தை கேட்டார். வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் அவருக்கு, ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் கைகொடுப்பவை கோழிகளே. ஒன்பதில் ஐந்து வெள்ளைக்கழிச்சல் கண்டு மடிந்தன. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆயினும் அன்று எனக்கு விடை தெரியவில்லை.

விசாரித்ததில் ஒன்று தெரிந்தது. கோழிப்பேனை ஒழிக்க, வயலுக்குப் போடும் பூச்சி மருந்துத் தூளைக் குஞ்சுப் பருவம் முதலே கூண்டிலும் இறகிலும் தூவி வந்திருக்கிறார். அதற்கும் ஊசிக்கும் என்ன தொடர்பு?

வெள்ளைக்கழிச்சல் ஒரு வைரஸ் நோய். 1927-ல் இமயமலைப் பகுதியிலுள்ள ராணிகேத்தில் காணப்பட்டதால் ‘ராணிகேத் நோய்’ என்றும் பெயர். வந்தபின் தீர்க்க மருந்தில்லை, தடுப்பூசியே காவல்.

தடுப்பூசி தானே நோயுடன் போரிடுவதில்லை. வலுவிழந்த கிருமியைக் காட்டி உடலுக்குப் பாடம் நடத்துகிறது. அதைக் கற்று எதிர்ப்பொருளை உண்டாக்குபவை ‘பி’ அணுக்கள் எனும் வெள்ளணுக்கள். கோழியில் இவை முதிர்வது, கழிவாய்க்கு மேலுள்ள ‘ஃபேப்ரிசியஸ் பை’ என்ற சிறு உறுப்பில். இப்பை நீக்கப்பட்ட கோழிகளில் பெரும்பாலானவை எதிர்ப்பொருளை உண்டாக்கவில்லை என்பதை 1956-ல் அமெரிக்காவில் புரூஸ் கிளிக் என்பவர் வெளியிட்டார். சில பூச்சிக்கொல்லிகள் குஞ்சுகளில் இப்பையைச் சுருங்கச் செய்வது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. மாணவன் நோயுற்றிருந்தால் ஆசிரியர் எவ்வளவு நன்றாக நடத்தினாலும் என்ன பயன்?

ஆடு மாடுகளுக்கு இப்பை இல்லை; ஆயினும் அவற்றுக்கும் ‘பி’ அணுக்கள் உண்டு. பாலூட்டிகளும் இத்தீங்குக்கு விலக்கல்ல. 1986-ல் வெளியான இந்திய ஆய்வொன்றில், எண்டோசல்பான் கலந்த தீனி தின்ற எலிகளுக்கு டெட்டனஸ் தடுப்பு மருந்து செலுத்தப்பட்டது. அவற்றின் எதிர்ப்பொருள் குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது, வெளிப்படையான நச்சு அறிகுறி எதுவும் அவற்றில் தோன்றவில்லை என்பதே! அம்மருந்தை 2011-ல் நம் உச்ச நீதிமன்றம் தடை செய்தது.

அத்தையின் கோழிகள் தூளால்தான் இறந்தன என்று நான் தீர்ப்புக் கூற முடியாது. ஊசி மருந்து பனிக்கட்டியில் வைக்கப்படாமல் வெயில் பட்டாலும் பலனிழக்கும். ஆனால் பார்வைக்கு நலமாயிருக்கும் கோழியும் உள்ளே தளர்ந்திருக்கலாம் என்பதை நாம் மறக்கலாகாது.

எனவே வயல் மருந்தைக் கால்நடை மேல் தூவக் கூடாது. பேன் மிகுந்தால் கால்நடை மருத்துவரைக் கேட்டே மருந்திட வேண்டும். மருந்து தெளித்த வயலின் புல்லை உடனே அறுத்துப் போடக் கூடாது.

இன்று அத்தை வீட்டுக் கொல்லையில் மணலும் சாம்பலும் நிரப்பிய குழி ஒன்று இருக்கிறது. கோழிகள் அதில் புரண்டு பேனை உதிர்க்கின்றன. அவர் கேட்ட கேள்விக்கு ஓராண்டு கழித்தேனும் பாதி விடை சொல்ல முடிந்ததே என்பதில் எனக்கு மகிழ்ச்சி. நண்பர்களே, நாம் வகுப்பறையில் கற்பதை வீட்டுக் கொல்லை வரை கொண்டு செல்வோமாக!